கார்டு அடித்த பிறகு

மெஷின்கள் எல்லாம் நின்ற பிறகும் பக்கத்து வரிசையில் யாரோ கூட்டிக்கொண்டிருந்தார்கள். செவ்வந்தி தன் விளக்குமாற்றை நிறுத்திக் காது கொடுத்தாள். சர்ர்... சர்ர்... அவசரமே இல்லாத கூட்டல். இன்றைக்கு உள்ளே இருப்பது அவள் ஒருத்திதான்.

தொண்ணூறுகளில் கருமத்தம்பட்டிப் பக்கத்து அந்த நூல் மில்லில் ஒரு வழக்கம் இருந்தது, நல்ல வழக்கம் போங்கள். சாயங்காலம் சங்கு ஊதியதும் கார்டில் நேரம் அடித்துவிட வேண்டும். கணக்குப்படி ஆள் வீட்டுக்குப் போயாயிற்று. அப்புறம் பக்கக் கதவு வழியாகத் திரும்பி வந்து, மெஷின் அடியில் கிடக்கும் பஞ்சையெல்லாம் கூட்டி அள்ள வேண்டும். அதற்குக் கூலி கிடையாது. மாட்டேன் என்றால் நாளைக்கு வேலையும் கிடையாது. "நம்ம மில்லுதான அம்மணி," என்பார் மேஸ்திரி நரசிம்மலு, கூச்சமே இல்லாமல்.

வெளியே கேட்டருகில் மகள் சுகந்தி காத்திருப்பாள். ஏழு வயசு. பள்ளிக்கூடம் விட்டு நேராக வந்து, வாட்ச்மேன் மயில்சாமி பக்கத்தில் பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். வெளிச்சம் குறைந்தால் அழுதுவிடுவாள். 

எண்ணெயும் பஞ்சும் கலந்த சூட்டு வாடைக்கும், வெயில் இறங்கிக் கூரைத் தகரம் ஆறுகிற டக் டக்கென்ற சத்தத்துக்கும், தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக நீண்டு கிடந்த மெஷின் நிழல்களுக்கும் நடுவே அந்தச் சர்ர் மட்டும் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. குனிந்து மெஷின் அடியில் பார்த்தாள். அந்தப் பக்கம் இரண்டு பாதங்கள். அடகுக்குப் போன மிஞ்சிக்குப் பதிலாக விரலில் நூல் சுற்றியிருந்தது.

சின்னத்தாயி.

போன மாதம்வரை கூடவே கூட்டியவள். கடைசி நாள் அவள் கூட்டிக்கொண்டிருக்கும்போதுதான் செவ்வந்தி கிளம்பிப் போனாள். மறுநாளிலிருந்து சின்னத்தாயி வேலைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது சுவரைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தாள். பேச்சில்லை. அந்தக் கடைசி நாள் சங்கு ஊதியதுமே வீட்டுக்கு வந்துவிட்டாள், அதிலிருந்து இப்படித்தான் என்றான் புருஷன்.

கூட்டும் சத்தம் நின்றது.

"செவ்வந்தி," என்றது மெஷினுக்கு அந்தப் பக்கம். "என்ற ஊட்டுல இருக்கறது யாரு கண்ணு?"

ஓடினாள். பக்கக் கதவு. முற்றம். கேட். பூட்டியிருந்தது. மயில்சாமி பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டாள். திரும்பவில்லை. கம்பியைப் பிடித்து உலுக்கினாள். சத்தமே வரவில்லை.

ரோட்டில் சுகந்தி போய்க்கொண்டிருந்தாள். தனியாக இல்லை. கையைப் பிடித்துக் கூட்டிப் போனவளுக்குச் செவ்வந்தி கட்டியிருந்த அதே நீலச் சேலை. அவள் சோறு கொண்டுவரும் அதே தூக்குப்போசி. தலையில் மட்டும் ஒரு பிசிறு பஞ்சு இல்லை.

"சுகந்தி!"

குழந்தை நின்றாள். கேட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, மில்லுக்குள்ள இருந்து யாரோ உன்ற கொரல்ல கூப்புடறாங்க."

கூட்டிப் போனவள் திரும்பவில்லை. கையை நீட்டி, குழந்தையின் காதை மெல்லப் பொத்தினாள்.