முகத்தில் விழுந்த நிலா

"சத்தியம் பண்ணிப் பண்ணி வாய் வலிக்குதய்யா. ஒருத்தரும் நம்பமாட்டேங்காவ. மத்தியானம் போலீஸ் வந்து என் வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போயிரும்" என்றாள் மெட்டில்டா.

அவள் கணவன் ரோச், வெள்ளத்துரையின் தோணியைக் கொழும்புவரை ஓட்டும் தண்டல். முந்தின நாள் மாலை, கரையோரம் நங்கூரமிட்டிருந்த அந்தத் தோணியிலிருந்து திசைகாட்டி களவு போயிருந்தது. யுத்தகாலத்தில் இன்னொன்று கிடைப்பது லேசில்லை. பழி ரோச் மேல் விழுந்திருந்தது.

ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் வன்னியபெருமாள் அவளோடு கிளம்பச் சட்டையை மாட்டினார். கூடவே மைத்துனர் அய்யாக்குட்டியும் தொற்றிக்கொண்டார். தெருமுனை தாண்டுவதற்குள் அய்யாக்குட்டி மூன்று பேரைச் சந்தேகப்பட்டுவிட்டார். வன்னியபெருமாளுக்குக் காலையிலேயே தலை வலித்தது.

கடலைப் பார்த்த சரக்குக் கிட்டங்கி வாசலில் வெள்ளத்துரை, ரோச் எல்லோரும் இருந்தார்கள். காவல்காரன் செந்தூர்பாண்டி தயங்காமல் சொன்னான்: "விளக்குப் போடக்கூடாதுன்னு சர்க்கார் உத்தரவு. கரையெல்லாம் இருட்டு. பௌர்ணமி நிலா அப்பத்தான் கிளம்பியிருந்துச்சு. நான் இந்த வாசல்ல நிக்கேன். ரோச் தோணியில இருந்து இறங்கி என்னையப் பாத்து வாரான். கோயில் மணி அடிக்கவும் நின்னு, கன்னத்தைச் சுத்திக் கட்டின துண்டை அவுத்துச் சிலுவை போட்டான். நிலா மூஞ்சியில பளிச்சுன்னு விழுந்துச்சு. இடது கன்னம் வீங்கிக் கிடந்துச்சு."

"நேத்தே எங்கிட்ட வந்து சொல்லிட்டான். ரோச் பல் பிடுங்கினது எனக்கே அதுவரை தெரியாது. பாக்காம எப்படிச் சொல்லுவான்?" என்றார் வெள்ளத்துரை.

ரோச் சலிப்போடு சொன்னான்: "தோணிக்கே போகல அண்ணாச்சி. எங்கப்பா கடல்லதான் மூழ்கிப் போனாரு. மணியடிச்சா கடலைப் பாத்து நின்னுதான் செபிப்பேன். நேத்தும் கரையில அப்படித்தான் நின்னேன். முடிஞ்சதும் துண்டைக் கட்டிக்கிட்டு நேரா வீட்டுக்குப் போயிட்டேன்."

"அத்தான், பல் வைத்தியரையும் பிடிக்கணும்!" என்றார் அய்யாக்குட்டி.

"மாப்ளே, கொஞ்சம் சும்மா இருங்க" என்று பெருமூச்சு விட்டார் வன்னியபெருமாள். "செந்தூர்பாண்டி பார்த்தது உண்மைதான். எங்கே நின்று பார்த்தான் என்பதுதான் கேள்வி. பௌர்ணமியன்று சூரியனும் நிலாவும் பூமிக்கு எதிரெதிர்ப் பக்கம் இருக்கும். சூரியன் மேற்கே பனங்காட்டில் இறங்கும்போது நிலா கிழக்கே கடலிலிருந்து ஏறும். ரோச் கிட்டங்கியைப் பார்த்து நடந்து வந்திருந்தால், நிலா அவன் முதுகில் விழுந்திருக்கும். முகம் வெறும் இருட்டு. வீக்கம் எப்படித் தெரியும்?"

"அப்போ கடலைப் பாத்து நின்னிருக்கான்" என்றார் வெள்ளத்துரை.

"அவனும் அதைத்தானே சொல்கிறான்! அப்படி நின்றால் முகத்தில் நிலா விழும். ஆனால் இந்த வாசலிலிருந்து பார்த்தால் பிடரிதான் தெரியும். அந்த முகத்தைப் பார்க்க ஒரே இடம்தான் இருக்கிறது."

எல்லோரும் தோணியைப் பார்த்தார்கள். செந்தூர்பாண்டி மட்டும் மணலைப் பார்த்தான்.

"ரோச் என்னையப் பாத்துட்டான்னு நெனச்சேன்" என்று முனகினான். "அதான் முந்திக்கிட்டு அவன் மேல பழி போட்டேன்." உப்பு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து திசைகாட்டியை எடுத்து வந்து கொடுத்தான்.

வெள்ளத்துரை அதை ரோச்சிடம் நீட்டினார். "கிளம்புலே, காத்து நல்லாருக்கு."

ரோச் கை நீட்டவில்லை. "பதினஞ்சு வருசமா உங்க தோணியத்தான் ஓட்டுதேன். நான் சொன்னப்ப நம்பல. நிலா வந்து சாட்சி சொன்னாத்தான் நம்புவியளோ அண்ணாச்சி? வேற தண்டலைப் பாருங்க."

மெட்டில்டா அவன் கன்னத்துத் துண்டை இறுக்கிக் கட்டிவிட்டாள். இருவரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.