மீட்டர் முள் காட்டிய ஆள்

அலைவரிசைத் துறை ஆய்வாளருக்கு அலுவலகத்தில் 'ஆவன சார்' என்றே பெயர். யார் எதைக் கேட்டாலும் "ஆவன செய்யறேன்" என்பார், அதோடு சரி. நிறைமாதக் கர்ப்பிணியான மகள், "வலி வந்தா கூப்பிடுவேன், போனை எடுங்கப்பா" என்றபோதும் அதையே சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார்.

அன்று பிற்பகல் போன இடம் ஒரு பழைய குளிர்பதனக் கிடங்கு. ஆட்கள் செல்போனில் படம் பார்க்காமலிருக்க முதலாளி சிக்னலை முடக்கும் ஜாமர் வைத்திருப்பதாகப் புகார். அனுமதியில்லாமல் வைத்தால் குற்றம். போன வருஷம் உள்ளே மாட்டிக்கொண்ட சுமைதூக்கி ஒருவர், போன் போகாமல் விறைத்துச் செத்திருந்தார்.

காவலாளி கதவைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போனான். சிக்னலைத் தடுக்கும் அலை எங்கிருந்து வருகிறதென்று காட்டும் மீட்டரைக் கையில் பிடித்து, அதன் முள் காட்டிய வழியில் ஆய்வாளர் நடந்தார். ஈரச் சாக்கு வாடை. கடைசி அறையில், உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் அந்தப் பெட்டி. பிளக்கைப் பிடுங்கினார்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது. விளக்கும் அணைந்தது.

உள்பக்கம் கைப்பிடியே இல்லை. தட்டிய சத்தத்தைத் தடித்த கதவு விழுங்கியது. ஜாமர்தான் செத்துவிட்டதே, மகளைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தார். டவர் இல்லை. அதன் வெளிச்சத்தில் மீட்டரைப் பார்த்தார்.

முள் இறங்கவேயில்லை.

பெட்டியைக் காட்டவும் இல்லை. மூட்டைகளின் ஓரத்தைக் காட்டியது.

மெல்லத் திரும்பியது. எதுவோ நடந்து வருவதுபோல.

காதோரம் சில்லென்று ஒரு மூச்சு.

"சார்... என்னையும் வெளிய கூட்டிட்டுப் போறீங்களா?"

 முப்பது வருஷப் பழக்கம் விடுமா?

"ஆவன செய்யறேன்."

கதவு திறந்துகொண்டது.

வீட்டுக்குள் அவர் காலெடுத்து வைத்தபோது மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வலி எடுத்துடுச்சுப்பா. ஆம்புலன்ஸ்கிட்ட பேசிட்டிருந்தேன், நீங்க வந்ததும் டவர் போயிடுச்சு."

பையைத் திறந்து மீட்டரைப் பார்த்தார். முள் அவருக்குப் பின்னால் காட்டியது.

பாவம், இத்தனை வருஷத்தில் அவர் வார்த்தையை நம்பிய ஒரே ஆள்.

விடுவிடுவென்று வெளியேறித் தெருக்கோடிவரை போனார். வீட்டுக்குள் மகள் விலாசம் சொல்லும் குரல் லேசாகக் கேட்டது. டவர் திரும்பக் கிடைத்துவிட்டது.

"அப்பா, உள்ள வாங்கப்பா, பயமா இருக்கு."

அவர் திரும்பிப் போகவில்லை. மூடிக்கிடந்த கடையின் படியில் உட்கார்ந்தார்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு, படியில் வெள்ளையாகப் பனி படிந்தது.