இரண்டாவது விசில்

கம்பெனி வேன் பாலாற்று ஓரம் நின்றதும் முதலில் இறங்கியவன் அருணகிரி. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. எதிரே தோல் பதனிடுகிற ஒரு டேனரி, மூடிப் பல வருஷமானது. கூரை பாதி இல்லை. சுண்ணாம்புத் தொட்டிகளுக்குள் வேலிக்காத்தான் முளைத்திருந்தது. பச்சைத் தோல் வாசனை மட்டும் சுவரை விட்டுப் போகவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் இருபது வருஷம் ஓட்டியவனுக்கு அது ஒரு வாசனையே இல்லை.

வந்தவர்கள் முப்பத்திரண்டு பேர், எல்லாரும் கம்பெனி ஆட்கள். வரவழைத்தவள் சோபனா. வேலூர்ப் பெண், ஊர் ஊராகப் படக் கண்காட்சி வைக்கிறவள். இருநூற்று எழுபது வருஷத்துக்கு முன்னால் ஆம்பூரில் நவாப் படைக்கும் பிரெஞ்சுக்காரர்கள் சேர்ந்த படைக்கும் நடந்த சண்டையை இந்த மணலில் திரும்ப நடிக்க வைத்துப் படம் எடுக்கிறாள். சண்டைகூட அவளுக்கு முக்கியமில்லை. சண்டை முடிந்து கிடக்கிறவர்கள்தான் வேண்டும்.

"போன்ல தினம் எத்தன போர்ப் படம் வருது. விரலால தள்ளிட்டுப் போய்டறோம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். "இத தள்ள முடியாதுண்ணா. பத்தடிக்கு மாட்டப் போறேன்."

விதி ரெண்டே ரெண்டுதான். முதல் விசிலுக்குச் செத்து விழ வேண்டும். இரண்டாவது விசில் வரைக்கும் அசையக் கூடாது. கம்பெனியில் தோலுக்கு நம்பர் குத்துவதுபோல, ஒவ்வொரு சிப்பாய் கோட்டிலும் நம்பர் குத்திய தோல் துண்டு ஒன்று கட்டியிருந்தது. மணலில் அதே நம்பர் போட்ட மூங்கில் குச்சி. அவரவர் குச்சிக்குப் பக்கத்தில் அவரவர் பிணம்.

நட்டநடுவில் பதினேழு. அது முனீர் அகமதுவுக்கு.

அருணகிரிக்கு முப்பத்தொன்று.

இதுதான் மூன்று வாரமாக அவன் தொண்டையில் நின்றது. கம்பெனி ஆண்டு விழாவில் பன்னிரண்டு வருஷமாக நாடகம் போடுகிறவன் அவன். முனீர் கட்டிங் செக்‌ஷனில் தலை நிமிராமல் வேலை செய்கிற ஆள். மைக் பிடித்துத் தன் பேரைச் சொல்லவே கூச்சப்படுவான். இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற தோஸ்துகள். ஆனால் போன ஞாயிறு எடுத்த சோதனைப் படம் வாட்ஸாப்பில் வந்ததும் ஊரே முனீரைப் பற்றித்தான் பேசியது. அவன் மனைவி தில்ஷாத் படத்தைப் பார்த்து அழுதுவிட்டாளாம்.

அருணகிரி வீட்டில் ஹேமலதா படத்தைப் பெரிதாக்கித் தேடினாள். "நீ எங்கய்யா?"

"ஓரத்துல பாரு."

"இந்தக் காலா? செருப்புத் தடம் தெரியுது, ஆமா நீதான்." அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வீடு வரைக்கும் கேட்டது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் முனீரிடம் கேட்டே விட்டான். "எப்டி பாய் அப்டி செத்த? யார்கிட்ட கத்துக்கின?"

முனீர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். "நான் இன்னா பண்ணேன். பக்கத்துல படுத்திருக்கறவரு சொல்றாரு. அதே மாதிரி படுக்கறேன்."

"பக்கத்துலயா? பதினாறாம் நம்பர் ஒவைஸா?"

"ஒவைஸ் அந்தப் பக்கம். இது இந்தப் பக்கம், குச்சியே இல்லாத பக்கம். காதுகிட்ட மெதுவா சொல்றாரு. வாய மூடாத, மண்ணு போனா போகட்டும்னு." அவன் குரல் தாழ்ந்தது. "நேத்து வேற ஒண்ணு கேட்டாரு. நீங்க மட்டும் எப்டி எழுந்து போறீங்கன்னு. ரொம்ப பொறாமையா கேட்டாரு பா. நான் பதில் சொல்லல. எனக்கு அந்த இடமே வேணாம்."

தொழில் ரகசியத்தை மறைக்க என்னமாய்க் கதை விடுகிறான் என்று அருணகிரிக்கு வயிறு எரிந்தது.

ஆகவே கடைசிப் படம் எடுக்கிற இந்த ஞாயிறன்று, எல்லாரும் டீ குடிக்கப் போன நேரத்தில், டேனரிச் சுவரில் மாட்டியிருந்த இரண்டு கோட்டுகளின் தோல் துண்டுகளை அவிழ்த்து மாற்றிக் கட்டினான். அவனுக்குப் பதினேழு. முனீருக்கு முப்பத்தொன்று.

முனீர் கோட்டை எடுத்தான். நம்பரைப் பார்த்தான். பிறகு அருணகிரியைப் பார்த்தான். சண்டை போடுவான் என்றுதான் இவன் நினைத்தான். முனீர் கிட்டே வந்து இவன் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டான்.

"வேணாம்னா கேக்க மாட்ட. விசில் அடிச்ச உடனே எழுந்துடு. அவரு இன்னா கேட்டாலும் பேசாத. நீயும் ஒண்ணும் கேக்காத."

"போ பாய், போய் ஓரமா சாவு."

பன்னிரண்டு மணி வெயில். மேலே ட்ரோன் வண்டு மாதிரி சுற்றியது. புகைக்குண்டு கொளுத்தினார்கள். முதல் விசில் அடித்தது.

அருணகிரி விழுந்தான்.

கன்னத்தில் மணல் சுட்டது. மூச்சை அடக்கினான். சுற்றிலும் ஆட்கள் விழுகிற சத்தம், பிறகு அமைதி. ட்ரோன் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து, நின்றே போனது.

கன்னத்துக்குக் கீழே மணல் குளிர்ந்தது.

பாலாற்றில் தண்ணீர் போய் எத்தனையோ மாதம் ஆகிறது. இங்கே மணல் நனைந்து, கொழகொழவென்று இருந்தது. அப்புறம் ஒரு வாசனை வந்தது. அவனுக்குத் தெரியாத தோல் வாசனை கிடையாது. மாடு, ஆடு, எருமை எல்லாம் உப்புத் தடவித்தான் டேனரிக்கு வரும். இது உப்பே காணாத தோல். வெயிலில் அப்படியே கிடந்த தோல்.

"வாய மூடாத."

காதுக்குள் விழுந்த குரல். குச்சி இல்லாத பக்கத்திலிருந்து.

அவன் வாயைத் திறந்தான். மண் உள்ளே போனது.

"கைய விடு. இன்னும் விடு. விரலு இன்னும் உயிரோட இருக்குது பாரு."

விட்டான்.

"இப்ப நல்லா இருக்குது."

பன்னிரண்டு வருஷ நாடகத்தில் ஒருத்தர்கூட அந்தக் குரலில் அவனைப் பாராட்டியதில்லை. பயத்துக்கு நடுவிலும் அவன் நெஞ்சு குளிர்ந்தது. முனீர் சொன்னது ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. ஆனால் ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஒன்றே ஒன்று.

உதடு அசையாமல் கேட்டான். "முனீர விட நல்லா இருக்கனா?"

குரல் இன்னும் கிட்டே வந்தது.

"அவன விட நல்லா. அவனுக்கு எழுந்து வூட்டுக்குப் போற நெனப்பு. உனக்கு இந்த இடம்தான வேணும்?"

"ஆமா."

"வெச்சிக்கோ."

இரண்டாவது விசில் அடித்தது.

அருணகிரி எழுந்திருக்கப் பார்த்தான். முதுகு வரவில்லை. கை வரவில்லை. கண்ணுக்கு மேல் மண் இருந்தது; அதன் வழியாகவும் அவனுக்குத் தெரிந்தது. பதினேழாம் நம்பர் கோட்டு எழுந்து நின்றது. அதற்குள் அவன் கால், அவன் கை, அவன் முகம். வாய் மட்டும் மூடவில்லை.

"சூப்பர் அண்ணா" என்று சோபனா கத்தினாள். "இதான் எனக்கு வேணும். இத யாரும் தள்ள முடியாது."

முனீர் ஓரத்திலிருந்து ஓடி வந்து அந்தத் தோளைப் பிடித்தான். "எழுந்துட்டியா. அல்லா காப்பாத்துனாரு. வா, சாப்பிடப் போலாம்."

எல்லாரும் போனார்கள். வேன் கிளம்பிய சத்தம் மணலுக்குள் கேட்டது.

குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். வெயில் வந்தது, போனது. தூரத்தில் ஆற்றோரச் சாலையில் ஆட்கள் டூவீலரில் போனார்கள், யாரோ யாரையோ திட்டினார்கள், பிரியாணி வாசனை காற்றில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அருணகிரிக்கு வயிறு எரிந்தது. இல்லாத வயிறு. இவர்கள் மட்டும் எப்படி நடந்து போகிறார்கள்?

வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை முடித்த வெள்ளைத் தொப்பியோடு முனீர் தனியாக வந்தான். காலால் அளந்து, இடத்தைக் கண்டுபிடித்து, மண்டியிட்டான்.

"அருணகிரி. உன் வூட்ல ஒருத்தன் உக்காந்திருக்கான். ஹேமலதா சோறு போட்டா வாய மூடாம துன்றான். உப்பு போட்டத தொட மாட்றான். கம்பெனிக்கும் வந்தான், தோல மோந்து மோந்து பாக்கறான். அது நீ இல்ல. எனக்குத் தெரியும்." அவன் மணலைக் கையால் தடவினான். "நான்தான் உன்ன அன்னிக்கே இழுத்து நிறுத்தியிருக்கணும்."

அவன் மணலில் படுத்தான். கன்னத்தை வைத்தான். காதைப் பதித்தான்.

"இருக்கியா தோஸ்த்? எதனா சொல்லு."

ஓடிப் போ என்று சொல்ல வேண்டும். தில்ஷாத்திடம் போ, இந்தப் பக்கமே வராதே என்று சொல்ல வேண்டும். அருணகிரி அதைச் சொல்லத்தான் முயன்றான். அவனுக்கு அது நிச்சயமாகத் தெரியும்.

ஆனால் முனீரின் காது எத்தனை கிட்டே இருந்தது. எத்தனை சூடாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் இவன் எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போவான்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்பெனி ஷிஃப்ட் சங்கு ஊத அஞ்சு நிமிஷம் இருந்தது. அதுவும் ஒரு விசில்தான்.

"வாய மூடாத, பாய்."