நவரத்தினத்தின் வியோல்கள்

பட்டறையில் மரவாசனை இல்லை. கஜந்தினி முதலில் கவனித்தது அதைத்தான்.

முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் வாசிக்கும் பழங்கால வாத்தியம் வியோல். ஆறு வருடமாக இரவல் வியோலில் வாசித்துவந்தவள், தனக்கென்று ஒன்றைச் செய்விக்க ஆள் தேடிக்கொண்டிருந்தாள். போன கிழமை எப்சம் பகுதியில் ஒரு வெள்ளைக்காரரின் பட்டறைக்குப் போனபோது சீவல் தூளும் காய்ச்சிய வச்சிரப் பசையும் மூக்கை அடைத்தன. ஆனால் அவரிடம் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். நியூ லினில் இருந்த நவரத்தினமோ ஒரு மாதம் போதும் என்றார். அந்த அவசரம் அவளை உறுத்தியது. முன்பு அவரிடம் வியோல் செய்வித்த வசந்தமலரை ஒரு கச்சேரியில் பார்த்துப் பழக்கம். நவரத்தினம் கொடுத்த எண்ணில் அவளைக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"பயப்பிடாமல் குடுங்கோ. நல்ல மனுசன்," என்றாள் வசந்தமலர். எதைக் கேட்டாலும் அதையேதான் சொன்னாள்.

இப்போது, 1996 யூலை மாதத்து மழை தகரக் கூரையில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்த அந்தப் பிற்பகலில், பட்டறை முழுக்கத் தலையெண்ணெயும் தூங்கி எழுந்தவர்களின் மூச்சும் கலந்ததுபோல் ஒரு வாடை, சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்த ஓர் அறையில் பலபேர் படுத்திருந்த மாதிரி. கணவன் யசீகரன் வெளியே காரிலேயே பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான்.

"இருங்கோ பிள்ளை," என்றார் நவரத்தினம். அவர் விரல்களில் ஒரு கீறல்கூட இல்லை.

"ஒரு மாதத்திலை எப்பிடியண்ணை முடிப்பியள்?"

"முக்கால்வாசி வேலை ஆக்களே கொண்டுவாறவை."

நாடாவை எடுத்து அவள் விரல்களை அளந்தார். முழங்கையை அளந்தார். சரி. பிறகு கழுத்தை. பிறகு ஒரு காதிலிருந்து மறுகாதுவரை.

"முகம் ஏன்?"

"தலை செதுக்க வேணுமெல்லோ."

வியோலின் உச்சியில் ஒரு தலையைச் செதுக்குவது வழக்கம்தான். அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் நாடாவைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

சுவரோரம் ஏழு வியோல்கள் சாய்ந்து நின்றன. ஏழிலும் பெண் தலைகள். மூன்றாவதற்கு அகன்ற நெற்றி, முன்பற்களுக்கிடையே சிறு இடைவெளி. கச்சேரியில் பார்த்த அதே முகம்.

"வசந்தமலர் தன்ரை வியோலைக் கொண்டுபோகேல்லையோ?"

"அவா இஞ்சைதானே."

மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. அவள் மூன்றாவது வியோலின் முதுகில் கை வைத்தாள். சூடு. பலகை மெல்ல உப்பியது. தாழ்ந்தது. மறுபடி உப்பியது. ஏழும் ஒரே சீராக.

"பயப்பிடாமல் குடுங்கோ," என்றது மூன்றாவது தலை.

கதவை நோக்கி ஓடினாள். திறக்கவில்லை. சன்னல். கண்ணாடிக்கு அப்பால் கார். யசீகரன் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டினான்.

கத்தினாள்.

சத்தம் வரவில்லை.

வாயைத் தொட்டாள். உதடு பிரியவில்லை. வழவழப்பு. விரலுக்கடியில் மரத்தின் ரேகை.

பின்னால் நவரத்தினம் மேசையிலிருந்த துணியை விலக்கினார். ஒரு தலை. கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் மட்டும் முடிந்திருந்தது.

அந்த வாய் அவள் குரலில் கூப்பிட்டது.

"இஞ்சாருங்கோ! கெதியா உள்ளுக்கை வாங்கோ."

கார்க் கதவு திறந்தது. பத்திரிகையைத் தலைக்குமேல் பிடித்தபடி, சிரித்துக்கொண்டே, யசீகரன் மழையில் ஓடிவந்தான்.