பூட்டிய சாட்சி

சாட்சிக் கூண்டில் ஏறிய ரெஜினாவின் பின்கழுத்தில் கருவியை வைத்துப் பார்த்து, பூட்டு உடையவில்லை என்று நீதிமன்ற மருத்துவர் யாஸ்மின் கையெழுத்திட்டார்.

"டாக்டரம்மா, இன்னைக்கு அவுத்துருவீயள்லா?" என்றாள் ரெஜினா மெதுவாக. "பத்தொம்பது வருசமா எங்க வீட்டுக்காரரு இன்னைக்குத்தான் சாவுதாரு. செத்துப் போயிட்டாருன்னு ஒரு நாளு நிம்மதியா அழணும்."

"தீர்ப்பு வந்ததும் அவுத்துருவேன்மா."

காசுக்கும் மிரட்டலுக்கும் சாட்சிகள் பிறழ்வதைத் தடுக்க அரசு கொண்டுவந்தது இந்தச் சாரப்பூட்டு. நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில், சேதியை வாங்கும் ஏற்பிகளை அதனதன் இடத்தில் பிடித்து நிறுத்துவது சாரப்புரதம். கட்டடத்துக்குக் கட்டும் சாரம் மாதிரிதான். ஆனால் இது அன்றாடம் கொஞ்சம் அவிழும், கொஞ்சம் மாற்றிக் கட்டப்படும். நமக்குத் துக்கம் ஆறுவதே அதனால்தான். சம்பவம் நடந்த ஆறு மணி நேரத்துக்குள் ஊசி போட்டால், அந்த நினைவின் சாரம் மட்டும் இறுகிவிடும்; பூட்டை அவிழ்க்கும்வரை அது மங்காது, மாறாது, ஆறாது. வழக்கு ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று சட்டம் எழுதியவர்கள் நம்பினார்கள். அவர்கள் கோர்ட்டுப் பக்கமே வந்ததில்லை போலும்.

கள்ளச் சரக்கைக் காட்டிக்கொடுத்த ஜெபராஜை, தூத்துக்குடியில் ஒரு பேருந்து நிறுத்தத்தில், மாலை நான்கு மணிக்குச் செல்வின் குத்திக் கொன்றான். ஜெபராஜின் கையிலிருந்த பனங்கிழங்குக் கட்டு சிதறியது. அங்கிருந்த முப்பது பேரும் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பக்கத்தில் நின்ற அவன் மனைவி ரெஜினா மட்டும் ஊசிக்குக் கழுத்தைக் கொடுத்தாள். ஜாமீனில் வந்த செல்வின் வாய்தா மேல் வாய்தா வாங்கினான்.

அரசு வக்கீல் முத்தையா எழுந்தார். "குத்துனவர அடையாளம் காட்டுங்கம்மா."

குற்றவாளிக் கூண்டில் வழுக்கையும் தொப்பையுமாக ஒருவன் நின்றான். ரெஜினா உற்றுப் பார்த்தாள்.

"இவன் இல்லய்யா."

"நல்லாப் பாருங்க. இவர்தான் செல்வின்."

"பேரு தெரியும்யா. மொகம் இது இல்ல."

செல்வினே திகைத்துப்போனான். சாதாரண நினைவு இளகிக் கொடுக்கும், வழுக்கையையும் தொப்பையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். பூட்டிய நினைவுக்கு அந்த வித்தை தெரியாது.

அப்போது அவள் பார்வை பின்வரிசைக்குப் போனது. கையை நீட்டினாள்.

"இந்தா உக்காந்திருக்கான்! இவன்தான்யா! பிடிங்க!"

அது செல்வினின் மகன். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்த கல்லூரி மாணவன். கொலை நடந்தபோது அவன் பிறக்கவே இல்லை.

பூட்டுச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யக்கூடாது என்பது சட்டம். பிறக்காதவனுக்குத் தண்டனை கொடுக்கவும் சட்டம் இல்லை. நீதிபதி நெற்றியைத் தேய்த்தார். ரெஜினாவைப் பிறழ் சாட்சி என்று பதிவு செய்துவிட்டு, செல்வினை விடுதலை செய்தார். மகனின் தோளில் கைபோட்டுக்கொண்டு அவன் போனான். யாரைக் காட்டினோம் என்று முத்தையா சொல்லித்தான் ரெஜினாவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அந்த முகத்தைக் கண்டு ஒதுங்கினாள்.

வராந்தாவில் யாஸ்மின் முன் வந்து கூந்தலை ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள்.

"தீர்ப்புதான் வந்துட்டே. அவுத்து விடுங்க."

யாஸ்மினால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அரசாங்கம் அப்பீல் போகுதும்மா. அது முடியுற வரைக்கும் சாட்சியத்தக் கலைக்கக் கூடாதுன்னு உத்தரவு."

ரெஜினா கூந்தலை ஒதுக்கிய கையை எடுக்கவில்லை. "அங்க கூப்பிடுததுக்குள்ள அவன் பேரன்லா வளந்து வந்து உக்காந்திருப்பான்" என்றாள்.

யாஸ்மின் கருவியைத் துடைத்து, அவள் கழுத்தில் புது முத்திரை வைத்தார். சுவரில் மணி நான்கு.