பகிர்குழாய்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. செவ்வாயில் நடக்கப்போகும் கதை ஒன்று சொல்கிறேன். கேட்டால் கோபம் வரும், வரட்டும்.

அங்கே குடியிருக்கும் குவிமாடத்தை விட்டு வெளியே கிளம்பும் எவருடைய கவச உடையிலும் மார்புக்கு நேரே ஒரு பகிர்குழாய் தொங்கும். வழியில் யாருக்காவது காற்று தீர்ந்தால், அவர் குழாயோடு நம் குழாயை இணைத்துவிட வேண்டும். ஒரே கலத்துக் காற்றில் இரண்டு உயிர் பிழைக்கும். முதலில் குடியேறியவர்கள் செய்துவைத்த நல்ல காரியம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? குவிமாடத்துக்கு ஒரு நிறமாகக் குழாய் நுனியில் வளையம் மாட்டினார்கள். ஒரு நிறம் இன்னொரு நிறத்தோடு பொருந்தாது. கேட்டால், சுகாதாரமாம்!

ஒரு நாள் காலை, வெளியே வண்டி நிறுத்தத்தில் ஒருவர் குப்புற விழுந்தார். முதுகில் சிவப்பு விளக்கு. இன்னும் நான்கு நிமிடக் காற்றுதான். சுற்றிலும் ஒன்பது பேர்.

"வளையம் என்ன நிறம்னு பாருங்கப்பா."

"அடியில மாட்டிக்கிச்சே."

காற்று வடிகட்டி மாற்றும் தையல்நாயகிதான் ஓடிவந்து அவரைப் புரட்டினாள். நீலம். அங்கே வேறு நீலக்காரர் இல்லை.

"மேல்மாடத்து ஆளா? அவங்க ஆளுங்களுக்குத் தகவல் சொல்லியாச்சு" என்றார் ஒருவர், ஏதோ சாதித்துவிட்டவர்போல.

"நீல உதவி இருபது நிமிடத்தில் வரும்" என்றது நிறுத்தத்து இயந்திரன், இனிமையாக.

"வந்து பொணத்தையா ஏத்தப்போறாங்க?" தையல்நாயகி இடுப்பிலிருந்த ஸ்பேனரை உருவினாள்.

"ஏம்மா, உன்னுது மண்நிறம். கீழ்மாடத்து மூச்சை அவரு வாங்குவாரா?" என்றாள் பச்சை வளையக்காரி ஒருத்தி.

"செத்துட்டா வாங்கமாட்டாருதான். தள்ளுங்கக்கா!"

அவர் வளையத்தைக் கழற்றினாள். தன்னுடையதையும் கழற்றி வீசினாள். எத்தனை குழாய்களைத் துடைத்த கை அது! வளையத்துக்குள்ளே எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று அவளுக்குத் தெரியும். இரண்டும் சிக்கென்று பொருந்தின. அவளுக்கு மூச்சு இளைத்தது. அவர் மார்பு ஏறி இறங்கியது.

கண் திறந்தார். பார்வை அவள் முகத்தில் நிற்கவில்லை. குழாய் நுனிக்குப் போய் வளையத்தைத் தேடியது.

"நீங்க... எந்த மாடம்?"

தையல்நாயகிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குழாயைப் பிடுங்கக் கை போனது. பிடுங்கவில்லை; இன்னும் இறுக்கித் திருகினாள்.

"நிதானமாக் கேளுங்க சார். இந்தக் கேள்வியும் என் மூச்சுலதான் வருது."

உங்கள் வாசலில் யார் தவித்து வந்து நின்றாலும், எந்த ஊர், யாருடைய ஆள் என்று வாய் கேட்பதற்குள் கை தண்ணீரை நீட்டிவிடட்டும், கண்ணுகளா. அந்தக் கை இருக்கும் வீடு நிறைந்திருக்கட்டும்.