தட்டும் டம்ளரும் மட்டும்

கேப்டனுக்கு நீச்சல் தெரியாது. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்தக் குடாவில் இல்லை. வேலையை உதறிவிட்டுப் பாய்மரப் படகு வாங்கி, கடல் கடலாகச் சுற்றுகிற மனிதர், முழங்கால் தண்ணீரில் இறங்கவும் மிதவைச் சட்டையைத் தேடுவார். அவர் மனைவி டீச்சரும் சேர்ந்துகொண்டு கேலி செய்வாள்தான். ஆனால் அவர் அக்கம்பக்கம் போய்வரச் சின்ன ரப்பர் படகில் ஏறிப் போகும் ஒவ்வொரு முறையும், திரும்பி வரும்வரை மோட்டார் சத்தத்திலேயே காதை வைத்திருப்பாள்.

நங்கூரம் போட்டு மூன்றாவது நாள். அக்கம்பக்கத்தில் இரண்டே படகுகள். ஒன்றில் பல் டாக்டரும் அவர் மனைவியும், பச்சைப் படகில் ஒரு மெக்கானிக், தனியாள். ஒரு வேளை எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டால் என்ன என்று டீச்சருக்குத் தோன்றியது. ரேடியோவை எடுத்தாள்.

"இந்தக் குடாவுல நங்கூரம் போட்டிருக்கற எல்லாருக்கும் சொல்றேன். சாயந்தரம் அஞ்சரைக்கு எங்க படகுல சாப்பாடு. ஒருத்தர் விடாம வந்துடுங்க."

என்ன கொண்டு வரணும் என்று கேட்பது படகுக்காரர்களின் மரியாதை. நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் செலவாகும் இடம் படகு. அதனால் விருந்தாளி தன் தட்டைத் தானே கொண்டுவந்து, கழுவாமலே எடுத்துப் போய்விடுவார். முதலில் டாக்டர் கேட்டார், பிறகு மெக்கானிக். தட்டும் டம்ளரும் மட்டும் போதும் என்றாள் டீச்சர்.

சற்று நேரம் கழித்து ரேடியோ மறுபடி கரகரத்தது. தொண்டையில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போல ஒரு குரல்.

"என்ன கொண்டு வரணும்?"

மெக்கானிக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர்தான் மறுபடி கேட்கிறார் என்று டீச்சர் சிரித்துக்கொண்டாள். "தட்டும் டம்ளரும்தான். வாங்க."

"சரி. யாராச்சும் கூப்பிட்டு ரொம்ப நாளாச்சு."

மெக்கானிக்கின் ரப்பர் படகு பஞ்சராகிக் கிடந்ததால் கேப்டனே போய் அவரை அழைத்து வந்தார். ஐந்து பேர் நெருக்கியடித்து உட்கார்ந்தால் நிறைந்துவிடும் அறை அது. டாக்டர் மனைவி மூலையில் உட்கார்ந்தவள் சட்டென்று எழுந்தாள்.

"அக்கா, இந்த மெத்தை ஒரே ஈரமா இருக்கே."

ஜன்னல் ஒழுகுகிறது என்றார் கேப்டன். அந்த மூலையை விட்டுவிட்டு எல்லாரும் தள்ளி உட்கார்ந்தார்கள். நங்கூரத்தைத் தூக்கும்போது வருமே, அடிச்சேற்று நாற்றம், அது லேசாக அடித்தது. வறுத்த மீன் மணத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆளுக்கு இரண்டு துண்டு என்று டீச்சர் பார்த்துப் பார்த்து வறுத்திருந்தாள். கடைசியில் மெக்கானிக்குக் கிடைத்தது ஒன்றுதான்.

"டீச்சரே கணக்குல கோட்டை விட்டா எப்படிம்மா?"

"நீங்க மட்டும்? என்ன கொண்டு வரணும்னு ரெண்டு தடவை கேட்டீங்களே."

"நான் ஒரு தடவைதானேம்மா கேட்டேன்."

டாக்டரும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"போன வருஷம் இங்க ஒரு ஒத்தை ஆளு இருந்தாரு," என்றாள் டாக்டர் மனைவி மெதுவாக. "சாயந்தரமானா ரேடியோல எல்லாரையும் கூப்பிட்டுப் பேச்சுக் குடுப்பாரு. தொல்லைன்னு நாங்க சத்தத்தைக் குறைச்சு வெச்சுடுவோம். ஒரு புயல்ல நங்கூரம் போட்டபடியே படகு மூழ்கிடுச்சு. ஆளும் கிடைக்கல, நங்கூரத்தையும் யாரும் எடுக்கல."

அதற்குமேல் யாருக்கும் சோறு இறங்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினார்கள். டாக்டர் தம்பதி தங்கள் ரப்பர் படகில் போனார்கள். மெக்கானிக்கைக் கொண்டுவிட கேப்டன் புறப்பட்டார்.

"பத்து நிமிஷத்துல வந்துடறேன். பேய் வந்தா உக்காரச் சொல்லு."

டீச்சர் பாத்திரத்தை ஒதுக்கினாள். விருந்தாளிகள் தட்டுகளை எடுத்துப் போயாயிற்று. அவளுடையது ஒன்று, அவருடையது ஒன்று.

மூலையில் இன்னொன்று இருந்தது.

பழைய பீங்கான் பூச்சுத் தட்டு. விளிம்பெல்லாம் சிப்பி ஒட்டியிருந்தது. ஒரு துண்டு மீனின் முள், சுத்தமாக வழித்துச் சாப்பிட்டிருந்தது.

ரேடியோ கரகரத்தது. மெக்கானிக்.

"வந்து சேர்ந்துட்டேம்மா. கேப்டன் அப்பவே திரும்பிட்டாரு. இன்னொருத்தரையும் கொண்டு விடணும்னாரே, யாரும்மா அது?"

மேலே ஓடினாள். இருட்டிக்கொண்டு வந்தது. ரப்பர் படகின் மோட்டார் சத்தம் கேட்டது. தங்கள் படகை நோக்கி அல்ல.

குடாவின் வாயை நோக்கி.

கூப்பிட்டாள், கத்தினாள். சத்தம் தூரம் போய்க்கொண்டே இருந்தது. இன்னொரு படகு போய்ப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நான்தானே வாய் நிறையக் கூப்பிட்டேன் என்று மனம் அடித்துக்கொண்டது. வந்தவரை வீடுவரை கொண்டுபோய் விடவேண்டியது வீட்டுக்காரரின் பொறுப்பு. இந்த விருந்தாளியின் வீடோ கடலுக்கடியில் கிடக்கிறது.

கீழே இறங்கி ரேடியோவை எடுத்தாள்.

"நீங்க எங்கயும் போக வேணாம். அவரைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. நம்ம படகுலயே இருந்துடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

மறுபடி மேலே ஓடிக் காது கொடுத்தாள்.

மோட்டார் சத்தம் நின்றது.

பிறகு மெல்ல, மிக மெல்ல, நெருங்கி வந்தது.

கேப்டன் ஏறி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. மிதவைச் சட்டை அவர் உடம்பில் இல்லை. ரப்பர் படகின் பலகையில் மடித்து வைத்திருந்தது.

"முன்னால உக்காந்து வழி சொல்லிக்கிட்டே வந்தாரு," என்றார் கிசுகிசுப்பாக. "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு. சட்டையைக் கழட்டுங்க, இனிமே தேவைப்படாதுன்னாரு. கழட்டிட்டேன்மா. ஏன்னே தெரியல."

அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

விடிந்ததும் நங்கூரத்தை எடுத்தார்கள். அந்தத் தட்டைச் சுழற்றிக் கடலில் எறிந்தாள். நாள் முழுக்கப் பாய் விரித்து ஓடி, வேறொரு குடாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒரு படகுகூட இல்லை. ரேடியோவை அவள் தொடவே இல்லை. ஐந்தரைக்கு இரண்டு தட்டுகளை மேசைமேல் வைத்துவிட்டுச் சோற்றை எடுக்கப் போனாள்.

"என்னம்மா," என்றார் கேப்டன் பின்னாலிருந்து. "ரெண்டு பேருக்கு மூணு தட்டு வெச்சிருக்க?"

திரும்பினாள். மூலை மெத்தை ஈரமாக அமுங்கியிருந்தது. கேப்டனின் மிதவைச் சட்டை பக்கத்தில் மடித்து வைத்திருந்தது.

டீச்சர் சோற்றுப் பானையைத் தூக்கி வந்தாள். முதல் கரண்டிச் சோற்றை அந்தச் சிப்பித் தட்டில் வைத்தாள்.